பொருளாதாரத் துறையில் பெண்களை முன்னேற்ற நினைப்போர் செய்யும் தவறுகள்

பெண் பொருளாதார ஆய்வாளர்களுக்கு உதவ வேண்டும் என்று தொடங்கும் பல ஏற்பாடுகள் வீணாகின்றன. சில நேரெதிராகவே வேலை செய்கின்றன. டென்யூர் எனப்படும் நிரந்தரப் பணிக்கான கெடுவை நீட்டும் விதி இதற்கு நல்ல உதாரணம்.

குழந்தை பிறந்தால் கெடுவில் ஓராண்டு கூடுதலாகத் தருகிறார்கள். தாய்க்கு மட்டும் கொடுத்தால் பாரபட்சம் என்று தந்தைக்கும் அதையே கொடுத்தார்கள். அமெரிக்காவின் முன்னணிப் பொருளாதாரத் துறைகளை வைத்து ஆன்டெகால், பெடார்ட், ஸ்டெர்ன்ஸ் ஆகிய மூவர் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. இந்த விதி வந்த பிறகு ஆண்கள் நிரந்தரம் பெறும் விகிதம் ஏறியது. பெண்களின் விகிதம் இறங்கியது. ஆண்கள் அந்த நேரத்தில் முதல்நிலை ஆய்விதழ்களில் கூடுதலாக எழுதினார்கள். பிரசவமும் பாலூட்டலும் பெண்களுக்கு அந்த வாய்ப்பைத் தரவில்லை. எனவே நீட்டிப்பை உண்மையான பராமரிப்புப் பொறுப்போடு இணைக்க வேண்டும். வெளி மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பும் கடிதத்திலேயே, 'நீட்டித்த ஆண்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம்' என்று எழுதிவிட வேண்டும்.

அடுத்தது, எல்லாக் குழுவிலும் ஒரு பெண் இருக்க வேண்டும் என்ற விதி. கேட்க நன்றாக இருக்கும், கணக்குப் போட்டால் தெரியும். 20 பேர் உள்ள துறையில் 3 பெண்கள். நால்வர் அடங்கிய குழுக்கள் 12 என்று வையுங்கள். குழுவுக்கு ஒரு பெண் என்றால் ஒவ்வொரு பெண்ணுக்கும் 4 குழுக்கள், ஓர் ஆணுக்கோ சுமார் 2. பதவி உயர்வில் மதிப்பே இல்லாத வேலைக்கு இரட்டிப்பு நேரம் போகிறது. பலனாவது உண்டா என்றால், இத்தாலி, ஸ்பெயின் தேர்வுக் குழுக்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான கட்டுரை, பெண் உறுப்பினர்களைக் கூட்டியதால் பெண் விண்ணப்பதாரர்களின் வாய்ப்பு கூடவில்லை என்கிறது.

இத்தகைய வேலைகளுக்கு 'யாராவது முன்வர முடியுமா?' என்று பொதுவாகக் கேட்பதும் இதே வகைதான். அதே 2017-இல் பொருளாதார ஆய்வாளர் லிண்டா பாப்காக் குழுவினர் வெளியிட்ட சோதனைகளில், ஆணும் பெண்ணும் கலந்த குழுவில் பெண்களே அதிகம் முன்வந்தார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுவில் ஆண்களே முன்வந்தார்கள்! பெண்கள் செய்வார்கள் என்ற எதிர்பார்ப்புதான் வேலையைத் தள்ளிவிடுகிறது. விருப்பம் கேட்காமல் சுழற்சிப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணி நேரம் என்று குறித்து, அளவு மீறினால் ஒரு பாடத்தைக் குறையுங்கள்.

கூட்டுக் கட்டுரைகளில் இன்னொரு சிக்கல். பொருளாதாரத்தில் ஆசிரியர் பெயர்கள் பெரும்பாலும் அகர வரிசையில் வருவதால், யார் எவ்வளவு செய்தார் என்பது தெரியாது. அந்த இடைவெளியை மதிப்பிடுபவர் தம் ஊகத்தால் நிரப்புகிறார். ஹெதர் சார்சன்ஸ் குழுவின் ஆய்வில், தனியாக எழுதிய கட்டுரைக்கு இருபாலருக்கும் ஒரே அளவு பலன் கிடைத்தது. கூட்டுக் கட்டுரைக்குப் பெண்களுக்குக் கிடைத்த பலன் குறைவு. ஒவ்வொரு கட்டுரைக்கும் தம் பங்கு என்ன என்று நான்கு வரி எழுதித் தரச் சொல்லலாம். பெண்களிடம் மட்டும் கேட்டால் அதுவே சந்தேகமாகிவிடும், எல்லோரிடமும் கேளுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தில் 'கடும் உழைப்பாளி' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். ஆய்வின் கேள்வி எது, முறையில் புதுமை எது என்று எழுதுங்கள். ஆசிரியரின் கற்பித்தலுக்கு மாணவர் தரும் மதிப்பெண் சராசரியில் உள்ள தசமப் புள்ளி வித்தியாசத்தை வைத்து யாரையும் வரிசைப்படுத்த வேண்டாம். கருத்தரங்கில் பெண் பேச்சாளர்களுக்குக் குறுக்குக் கேள்விகள் அதிகம் வருவதாகத் தரவு இருக்கிறது. முதல் 10 நிமிடம் விளக்கக் கேள்வி மட்டும், பிறகு தலைவர் அழைத்தால்தான் கேள்வி என்று வைத்தாலே பாதி சரியாகிவிடும்.

கடைசியாக, வழிகாட்டல் என்ற பெயரில் நடக்கும் ஊக்கப் பேச்சு. அதற்கு மாறாக, அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் 1971-இல் அமைத்த பெண்கள் நிலைக் குழு நடத்தும் பயிலரங்கில், ஒரே ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த இளையவர்கள் சிலரும் மூத்தவர்களும் உட்கார்ந்து ஒருவர் கட்டுரையை மற்றவர் வாசித்துக் குறை சொல்கிறார்கள். விண்ணப்பித்தவர்களில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட அதிகம் வெளியிட்டார்கள், அதிக ஆய்வு நிதியும் பெற்றார்கள். இந்த வாசிப்பு வேலையையும் துறையின் மூத்த பெண்கள் தலையிலேயே கட்டாதீர்கள். மூத்த ஆண்களின் பெயரும் பட்டியலில் வரட்டும்.