உங்கள் பச்சோந்தி எந்த இனம்? கண்டுபிடிப்பது எப்படி

அக்கா மகன் ஒரு பச்சோந்தியைக் கூண்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்தான். விற்றவர் ‘ஃபாரின் ஐட்டம்’ என்றாராம். அது நிஜமா என்று பார்க்க உட்கார்ந்தபோது தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். தீனி, கூண்டு பற்றி இதில் இல்லை.

முதலில் காலைப் பாருங்கள். நம் மதுரைப் பக்கம் கழுத்து சிவந்த ஓணானையும் பச்சோந்தி என்றே சொல்லிவிடுவார்கள். ஓணானுக்கு ஐந்து விரலும் தனித்தனியாக நீண்டிருக்கும். பச்சோந்திக்கு மூன்றும் இரண்டுமாக ஒட்டி, குறடு மாதிரி கிளையைக் கவ்வும். முன்னங்காலில் உள்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு, பின்னங்காலில் தலைகீழ். வால் சுருண்டு பிடிக்கும், கண்கள் ஆளுக்கொரு பக்கம் சுழலும்.

அடுத்து படம். காலை நிழல் வெளிச்சத்தில், விலங்கின் கண் மட்டத்துக்குப் போனை இறக்கி, பக்கவாட்டில் எடுங்கள். தலை முழுதாக ஒன்று, தாடையிலிருந்து வயிறு வரை ஒன்று, பின்னங்குதிகால் ஒன்று. மேலிருந்து எடுத்த படம் எதற்கும் ஆகாது. பயந்தால், குளிர்ந்தால், சண்டைக்கு நின்றால் நிறம் மாறும். தோலுக்குள் இருக்கும், ஒளியைப் பிரதிபலிக்கும் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதே காரணம் என்று பேந்தர் என்ற மடகாஸ்கர் பச்சோந்தி இனத்தில் 2015-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

முகத்தில் மூன்று கொம்பு இருந்தால் அது கிழக்கு ஆப்பிரிக்க ஜாக்சன் இனத்து ஆணாக இருக்கலாம். உயரமான கொண்டை இல்லாமல், முகத்தின் இரு ஓரத்து விளிம்பும் மூக்கு நுனியில் முன்தள்ளி, விலாவில் வெளிர்கோடு ஓடினால் மடகாஸ்கரின் பேந்தரைச் சந்தேகிக்கலாம். இவை சுலபம்.

சிக்கல் ஏமன், சவூதிப் பகுதியின் வெய்ல்டு கேமிலியனுக்கும் நம் நாட்டுப் பச்சோந்திக்கும் இடையில்தான். எனக்கு அதிக நேரம் பிடித்ததும் இங்கேதான். வளர்ந்த வெய்ல்டு ஆணின் கொண்டை பல சென்டிமீட்டர் உயரம் நிற்கும், பார்த்ததும் தெரியும். ஆனால் பெண்ணுக்குக் கொண்டை குட்டை, குஞ்சுக்கு இன்னும் குட்டை. நம்முடையதற்கும் பின்பக்கம் வளைந்து எழும் ஒரு கொண்டை உண்டு. சரி, குதிகாலில் முள் இருக்கிறதா பார்ப்போம் என்றால், அது ஆண் என்று சொல்லுமே தவிர இனத்தைச் சொல்லாது. இரண்டு இனத்து ஆணுக்கும் அந்த முள் உண்டு. ‘முள் இருந்தால் வெய்ல்டு’ என்று யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

தொண்டைதான் வழிகாட்டும். வெய்ல்டுக்குத் தாடைக்குக் கீழே நீளமான கூம்புச் செதில்கள் தொங்கும், முதுகுச் செதில் வரிசையும் தடித்துத் துருத்தும். நாட்டுப் பச்சோந்திக்கு முதுகு வரிசை மெல்லியது. தொண்டையிலிருந்து வயிற்றின் நடுவில் சிறு கூம்புச் செதில்கள் ஒரே வரிசையாகப் போகும், அந்த வரிசை வெள்ளையாக இருக்கும். உடம்பு கறுத்திருக்கும்போதும் அந்த வெள்ளைக் கோட்டைத் தேடிப் பாருங்கள். அக்கா மகன் கொண்டுவந்ததில் அது பளிச்சென்று இருந்தது.

சின்ன உருப்படிக்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். தெற்கு ஆவணி மூல வீதியில் நகை பார்ப்பவர்கள் கண்ணில் வைப்பார்களே, அதேதான். போன் ஜூமைவிட அதையே நான் நம்புவேன். படம் பார்த்துப் பெயர் சொல்லும் ஆப்களில் ஐநேச்சுரலிஸ்ட் எனக்குப் பிடிக்கும், மற்றவர்களும் பார்த்துத் திருத்துவார்கள் என்பதால். வளர்ப்பு விலங்கு என்று குறித்துப் போடுங்கள். வீட்டு இடம் தெரியாதபடி மறைத்துவிடுங்கள்.

நாட்டுப் பச்சோந்தி என்றால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. வெய்ல்டும் பேந்தரும், காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. அவற்றை வைத்திருந்தால், மத்திய அரசின் 2024 விதிகளின்படி சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

பின்சேர்க்கை: ‘பக்கத்துப் புளியமரத்தில் விட்டுவிடலாமா?’ என்று பின்னூட்டத்தில் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எங்கே பிடித்தது என்று உங்களுக்குத் தெரியாது. கூண்டில் மெலிந்திருக்கும். வேறு இனங்களோடு அடைபட்டுக் கிடந்திருந்தால் நோயையும் சேர்த்துக் கொண்டுபோய் விடுவோம். வெய்ல்டு, பேந்தர் என்றாலோ கேட்கவே வேண்டாம், இந்த மண்ணுக்கு உரியவையே அல்ல. நாட்டுப் பச்சோந்தியை வனத்துறையிடம் ஒப்படையுங்கள். எடுத்து வைத்த மூன்று படங்களையும், யாரிடம் எப்போது வாங்கியது என்ற விவரத்தையும் கூடவே கொடுங்கள்.