வீட்டுப் பிரசவத்தில் ‘வலி ஊசி’: டெல்லி ஜுக்கிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லியின் ஜுக்கி எனப்படும் குடிசைக் குடியிருப்புகளில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டதும் முதலில் வருபவர் தாயி. நம் ஊர் மருத்துவச்சியைப் போல, மாமியாரிடமோ அம்மாவிடமோ பார்த்துப் பழகியவர். வலி இழுத்துக்கொண்டே போனால் தோள்பையோடு ‘டாக்டர்’ வருவார். ஏதோ ஒரு கிளினிக்கில் கம்பவுண்டராக இருந்தபோது கற்றதுதான் அவர் படிப்பு. ஜோலா சாப் என்று இந்தியில் கிண்டலாகச் சொல்வார்கள். ஜோலா என்றால் தோள்பை.

இவர்களைக் கூப்பிடுவது அறியாமையால் என்று நினைத்துவிட வேண்டாம். அரசு மருத்துவமனையில் பிரசவம் இலவசம் என்று 2011 முதல் திட்டமே இருக்கிறது. ஆனால் பீகாரிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத குடும்பத்திடம் டெல்லி முகவரிச் சான்று இருக்காது. பிரசவ அறைக்குள் துணைக்கு ஆள் விடமாட்டார்கள், கத்தினால் திட்டு விழும். ‘இன்னும் வலி வரல, போயிட்டு வா’ என்று ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவள், நள்ளிரவில் மறுபடி ஆட்டோ பிடிக்கத் தயங்குவாள். வீட்டில் இருக்கிற இரண்டு பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கேள்வி வேறு.

இந்தப் பிரசவங்களில் நேரும் தவறுகள் பெரும்பாலும் ஒரே வகைதான். பொறுக்க வேண்டிய நேரத்தில் அவசரப்படுகிறார்கள். ஓட வேண்டிய நேரத்தில் பொறுத்திருக்கிறார்கள்.

அவசரத்தில் முதலிடம் ‘வலி ஊசி’ எனப்படும் ஆக்சிடோசினுக்கு. வலியைக் கூட்டிச் சீக்கிரம் குழந்தையை வெளியே கொண்டுவரும் என்று தசையில் போட்டுவிடுகிறார்கள். வீட்டாரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வதும் உண்டு. கறவை மாட்டுக்குப் பால் சுரக்கப் போடுகிற அதே மருந்து என்பதால் மலிவாகப் புழங்குகிறது. இந்தத் தவறான புழக்கத்தைக் காரணம் காட்டித்தான் 2018-ல் மத்திய அரசு தனியார் நிறுவனங்கள் இதைத் தயாரிக்கத் தடை போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. பிரசவ அறைக்கு அத்தியாவசியமான மருந்து கிடைக்காமல் போய்விடுமே என்ற கவலையும் அதில் நியாயமானது.

ஏன் ஆபத்து? கருப்பை இறுகும்போது நஞ்சுக்கொடிக்குப் போகிற ரத்தம் குறையும். அடுத்த வலிக்கு முன் அது தளரும் இடைவெளியில்தான் குழந்தைக்குப் பிராணவாயு கிடைக்கிறது. ஊசி அந்த இடைவெளியையே பறித்துவிடும். உள்ளேயே குழந்தை மூச்சுத் திணறும்; கருப்பையே கிழிந்துபோகவும் கூடும். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கும் பல பிள்ளை பெற்றவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். மருத்துவமனையிலும் இதே மருந்தைத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அங்கே ட்ரிப்பில் கலந்து சொட்டுச் சொட்டாக, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்றுவார்கள். சிக்கல் என்றால் ட்ரிப்பை நிறுத்தலாம். தசைக்குள் போன மருந்தை யார் திருப்பி எடுப்பது?

வேடிக்கை என்னவென்றால், குழந்தை பிறந்த பிறகு 10 யூனிட் ஆக்சிடோசின் போடுவதுதான் ரத்தப்போக்கைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வழி. அந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். டெல்லியின் மே மாத வெயிலில் தோள்பைக்குள்ளேயே கிடந்த ஊசிக்கு எவ்வளவு வீரியம் மிஞ்சியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

வயிற்றை மேலிருந்து அமுக்கித் தள்ளுவதும், நஞ்சுக்கொடி தானாகப் பிரிவதற்குள் தொப்புள்கொடியைப் பிடித்து இழுப்பதும் இதே அவசரத்தின் பிள்ளைகள். இழுக்கிற இழுப்பில் கருப்பையே உட்புறம் வெளியாகப் பிதுங்கி வந்துவிடலாம். கொடியை உடனே வெட்டத் தேவையில்லை. அழுகிற குழந்தைக்கு ஒரு நிமிடமாவது பொறுக்கலாம். புது பிளேடு வேண்டும். வெட்டிய இடத்தில் சாம்பல், மஞ்சள், சாணம் எதுவும் வேண்டாம்.

இனி, தாமதம். அழாமல் பிறந்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுவார்கள், தண்ணீர் தெளிப்பார்கள். வடக்கே சில தாயிகள் கொடியை வெட்டாமல் நஞ்சைத் தணலில் சூடேற்றி உயிர் ஏற்றப் பார்ப்பார்கள். அவர்கள் மனசு நல்லதுதான், கையில் இருக்கிற நேரம்தான் போதாது. முதல் ஒரு நிமிடத்துக்குள் குழந்தை மூச்சுவிட வேண்டும். உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டும் மூச்சு வரவில்லை என்றால், முகமூடியும் பையும் வைத்துக் காற்றுக் கொடுக்கத் தெரிந்த கை தேவை. அழுகிற குழந்தையை அம்மாவின் வெற்று மார்பில் போட்டுப் போர்த்திவிடுங்கள். குளிப்பாட்டுவது மறுநாள் ஆகட்டும்.

தாய்க்கு ரத்தம் போனால், ‘அழுக்கு ரத்தம், போகட்டும்’ என்கிற பேச்சு காதில் விழும். அரை லிட்டரைத் தாண்டினாலே அது மருத்துவக் கணக்கில் அதிக ரத்தப்போக்கு. இந்தியாவில் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அவர்களுக்கு அந்த அளவுகூடத் தாங்காது. துணி மாற்றி மாற்றி நனைகிறது, தலைவலியோடு கண் மங்குகிறது, வலிப்பு வருகிறது, வலி கண்டு பன்னிரண்டு மணி நேரம் தாண்டியும் குழந்தை வரவில்லை, நஞ்சு அரை மணியில் விழவில்லை: இதில் எது நடந்தாலும் இன்னொரு ஊசிக்கு ஆள் அனுப்பாமல் ஆம்புலன்ஸுக்கு 102-ஐக் கூப்பிட வேண்டும். சந்துக்குள் வண்டி நுழையாது என்றால், பெண்ணைச் சாலைவரை தூக்கிவர நான்கு பேரை எட்டாம் மாதத்திலேயே பேசி வைக்க வேண்டும்.

வீட்டாருக்கும் தாயிக்கும் மட்டும் உபதேசம் செய்து பயனில்லை. தாயியையும் ஊசிக்காரரையும் ஒரே தட்டில் வைத்து ‘போலீஸில் பிடித்துக் கொடுப்போம்’ என்று மிரட்டுகிற சுகாதாரத் திட்டங்களும் தவறுதான் செய்கின்றன. தகுதியில்லாமல் மருத்துவம் பார்ப்பது குற்றம், சரி. ஆனால் மிரண்டுபோன தாயி மருத்துவமனை வாசலோடு திரும்பிவிடுவார். ஊசி போட்டதைக் குடும்பம் மறைத்துவிடும். அது தெரியாத டாக்டர் அதன் மேலேயே வலிக்கு இன்னொரு ட்ரிப் ஏற்றக்கூடும். என்ன ஊசி, எத்தனை, எத்தனை மணிக்கு என்று சேர்க்கும்போதே சொல்லிவிட வேண்டும். பெயர் தெரியவில்லை என்றால், உடைத்துப் போட்ட ஆம்பூல், அதாவது மருந்து இருந்த சின்னக் கண்ணாடிக் குப்பி, தரையில்தான் கிடக்கும். காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனால் டாக்டர் படித்துக்கொள்வார்.