மாநகராட்சிப் பணியமைப்புப் பிரிவை மனிதவளப் பிரிவாக மாற்ற: எங்கே தொடங்குவது?

பெயர்ப்பலகையில் 'பணியமைப்பு' என்பதை அழித்துவிட்டு 'மனிதவளம்' என்று எழுத அரை நாள் போதும். பல இடங்களில் மாற்றம் அதோடு நின்றுபோகிறது. நியமனம், ஊதிய உயர்வு, விடுப்பு, தண்டனை, ஓய்வு என எதுவானாலும் கோப்பு மேசைக்கு வந்த பிறகுதான் பழைய பிரிவு அசையும். எந்த வேலைக்கு எத்தனை பேர் வேண்டும், யார் எப்போது போகிறார்கள் என்று கோப்பு வருமுன்பே கணக்குப் போடுவதுதான் புதிய பிரிவின் வேலை.

மென்பொருளுக்கு முன்னால் தலைகளை எண்ணுங்கள். ஒப்பளிக்கப்பட்ட (அரசு அனுமதித்த) பணியிடப் பட்டியல், சென்ற மாதச் சம்பளப் பட்டியல், வார்டு வருகைப் பதிவேடு ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒத்துப்போகாது. தூய்மைப் பணியாளர் பணியிடத்தில் சம்பளம் வாங்குபவர் மண்டல அலுவலகத்தில் தபால் பார்த்துக்கொண்டிருப்பார். அவரை வேறு வேலைக்கு அனுப்பிய மாற்றுப்பணி ஆணை இருக்காது; இருந்தாலும் அதில் முடிவுத் தேதி இருக்காது. ஆகவே ஒவ்வொருவருக்கும் 'சம்பளம் எந்தப் பணியிடத்தில்', 'வேலை எங்கே' என்று இரண்டு கட்டங்கள் போடுங்கள். ஒப்பந்ததாரர் மூலம் வருபவர்களுக்குத் தனிப் பட்டியல் வேண்டும். அவர்களை விட்டால் குப்பை அள்ளும் ஆள்கணக்கே பொய்யாகிவிடும்.

அடுத்தது பணிப்பதிவேடு, அதாவது ஊழியரின் பணி விவரங்களைப் பதியும் ஏடு. அதிக நாள் பிடிப்பது இதுதான்; அவசரப்படாதீர்கள். ஊழியரையே எதிரில் உட்காரவைத்துப் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். முதலில் பார்க்க வேண்டியவை (விதிகள் தமிழ்நாட்டுக்கானவை):

- பெயரும் பிறந்த தேதியும். ஆதாரில் 'மாரியம்மாள்', பதிவேட்டில் 'மாரியாயி' என்றிருந்தால் ஓய்வூதியக் கருத்துரு திரும்பி வரும். பிறந்த தேதியைத் திருத்தும் விண்ணப்பத்தைப் பணியில் சேர்ந்த 5 ஆண்டுக்குள் தர வேண்டும். அதன்பின் பதிவேட்டில் உள்ளதே நிற்கும்.
- ஈட்டிய விடுப்பு. ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் 15 நாள் வீதம் வரவு வைக்க வேண்டும். உச்சவரம்பு 240 நாள். பல ஆண்டு வரவு வைக்காமல் ஓய்வுக்கு முந்தைய வாரம் மொத்தமாக எழுதினால் தணிக்கையில் ஆட்சேபம் வருவது உறுதி.
- நியமனதாரர் படிவம்; ஊழியர் இறந்தால் பணம் யாருக்கு என்று குறிப்பது. திருமணத்துக்கு முன் கொடுத்தது பெரும்பாலும் மாற்றப்படாமலே கிடக்கும்.

பதிவேடு சரியானால் ஓய்வுப் பட்டியல் தானாக வந்துவிடும். ஓய்வு வயது 60. அந்த வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. 1ஆம் தேதி பிறந்தவருக்கு மட்டும் முந்தைய மாதக் கடைசி நாள். இதில் தவறுகிறவர்கள் இன்றும் உண்டு. ஐந்து ஆண்டுக்கான பட்டியலைப் பதவிவாரியாகப் பிரியுங்கள். குடிநீர்க் குழாய் வால்வுகள் எங்கே புதைந்திருக்கின்றன என்று மனப்பாடமாகத் தெரிந்த பிட்டர் (குழாய் பொருத்துநர்) அதில் இருந்தால், அவர் போவதற்கு ஓராண்டு முன்பே இளையவர் ஒருவரைக் கூடவே அனுப்பி வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

ஊதிய விகிதம், இடஒதுக்கீட்டுச் சுழற்சி, பதவி உயர்வு விதி ஆகியவை மாநில அரசின் கையில். அங்கே மல்லுக்கட்டிப் பயனில்லை. வார்டுக்கு எத்தனை பேர், யாருக்கு எந்தப் பயிற்சி, மனு எத்தனை நாளில் தீரும் என்பவை உங்கள் கையில் இருப்பவை. ஒவ்வொரு பதவிக்கும் ஒரு பக்கப் பணி விவரம் எழுதுங்கள். சுகாதார ஆய்வாளரிடம் கேட்காமல் அவருடையதை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினால் கொசு ஒழிப்பும் பிறப்புச் சான்றும் ஒரே வரியில் வந்து நிற்கும். பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழுவின் உறுப்பினர் பெயர்களைத் தூய்மைப் பணியாளர் கூடும் வார்டு அலுவலகச் சுவரிலும் ஒட்டுங்கள்.

கணினிக்கு மாறும்போது இரண்டு மாதச் சம்பளத்தைப் பழைய முறையிலும் போட்டு, ஆள்வாரியாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் ஊதிய உயர்வு மாதத்தை முதலில் பாருங்கள். ஏப்ரலை ஜூலை என்று ஏற்றியிருப்பார்கள்.