கருவாட்டுக் கடை வெப்சைட்டுக்கு போட்டோஷாப் வாங்கணுமா?

வெப் டிசைன் கற்றுக்கொண்டு, ராமநாதபுரம் கடற்கரை ஊர்களான மண்டபத்திலோ தொண்டியிலோ வீட்டிலிருந்தபடியே வேலை எடுக்க நினைக்கும் தம்பி தங்கைகள் முதலில் கேட்பது, "அண்ணே, போட்டோஷாப் எங்க கிடைக்கும்?" என்பதுதான். பெரும்பாலும் யாருடைய பென்டிரைவிலாவது கிராக் பதிப்பு (பூட்டை உடைத்துத் திருட்டுத்தனமாக ஓட வைத்தது) கிடைத்துவிடும். அதைத் தொடாதீர்கள். உரிமம் இல்லை என்பது ஒரு பக்கம். அதோடு ஒட்டி வரும் வைரஸ், பிரவுசரில் நீங்கள் சேமித்து வைத்திருக்கும் வாடிக்கையாளரின் ஹோஸ்டிங் (வெப்சைட் இருக்கும் சர்வர்) பாஸ்வேர்டையும் தூக்கிக்கொண்டு போகலாம்.

காசு கொடுக்காமலே செய்ய வழி இருக்கிறது. நெத்திலி, சீலா, வாளை விற்கும் ஒரு கருவாட்டுக் கடைக்கு வெப்சைட் செய்வதாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

படி 1: முதலில் வேலைப் பட்டியல்

ஒரு தாளை எடுத்து, அந்தக் கடைக்குப் படங்களில் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்று எழுதுங்கள். ஓரம் வெட்ட வேண்டும், அளவைக் குறைக்க வேண்டும், வெளிச்சம் சரிசெய்ய வேண்டும், சாய்ந்திருக்கும் கடல் கோட்டை நேராக்க வேண்டும், ஒரு பேனரில் தமிழில் எழுத வேண்டும், ஒரு லோகோ வேண்டும். அநேகமாக அவ்வளவுதான். இதில் எதற்கும் மாதச் சந்தா தேவையில்லை.

பின்னணியை வெட்டி எடுக்கும் வேலையைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். நெத்திலிக் குவியலின் ஓரத்தை மவுஸால் வெட்டி எடுப்பது கண்ணைக் கெடுக்கும் வேலை. வெள்ளை சார்ட் பேப்பரிலோ பனை ஓலைப் பாயிலோ பரப்பி, நிழலில் வைத்து எடுக்கச் சொல்லிவிட்டால் அந்த வேலையே இல்லை. உச்சி வெயிலில் எடுத்தால் மீன் தோல் பளபளத்து வெள்ளைத் திட்டாகிவிடும். அங்கே என்ன இருந்தது என்ற தகவலே படத்தில் பதிவாகாததால், எந்த விலை மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கடைக்காரருக்குச் சற்று ஓய்வு இருக்கும், படமெடுக்க அவரைப் பிடிக்க அதுதான் நேரம்.

படி 2: கம்ப்யூட்டரைப் பாருங்கள்

ரேம் எவ்வளவு? ஃபோனில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் 4000 பிக்சல் அகலம், 3000 பிக்சல் உயரம். ஃபைலாக 4 எம்பி என்று காட்டினாலும், எடிட்டரில் திறந்ததும் பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி ஆகிவிடும். அது ஒரு லேயருக்கு (படத்தின் மேல் அடுக்கும் ஒரு தாள் மாதிரி) மட்டும். நான்கைந்து லேயர் போட்டு, அன்டூ வரலாறும் (செய்ததைத் திரும்ப மாற்ற எடிட்டர் நினைவில் வைத்திருப்பது) சேர்ந்தால் 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் திணறும். அதனால் படத்தைத் திறந்ததும் அளவைக் குறைத்துவிட்டு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

நெட் எப்படி? ஐப்பசி, கார்த்திகையில் மழையும் காற்றும் வந்தால் கரண்டும் சிக்னலும் எப்போது போகும் என்று நமக்குத் தெரியாதா! பிரவுசரில் மட்டும் ஓடும் கருவியை நம்பினால் அந்த நாட்களில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கம்ப்யூட்டரில் நிறுவும் ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

கம்ப்யூட்டரே இல்லை, ஃபோன் மட்டும்தான் என்றால் கூகுளின் ஸ்னாப்சீட் போதும். இலவசம். வெட்டவும் நேராக்கவும் வெளிச்சம் சரிசெய்யவும் அதில் வழி இருக்கிறது.

படி 3: மூன்று மென்பொருளை மட்டும் அழையுங்கள்

ஜிம்ப்: 1995-இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள், அதாவது யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், மாற்றலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்தது. அதற்குக் குறைந்தது விண்டோஸ் 10 வேண்டும். புதியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வார்கள்: 'சேவ்' அழுத்தினால் ஜேபெக் வராது, ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்-ஆகத்தான் சேமிக்கும். வெப்சைட்டுக்கான படம் வேண்டுமென்றால் ஃபைல் மெனுவில் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' போக வேண்டும். கடல் கோடு சாய்ந்திருந்தால் 'மெஷர்' கருவியால் கோட்டின் மேல் இழுத்து, 'ஸ்ட்ரெய்ட்டன்' பட்டனை அழுத்துங்கள்.

ஃபோட்டோபியா: பிரவுசரில் திறக்கும், எதையும் நிறுவ வேண்டாம். போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல்களைத் திறக்கும். படம் சர்வருக்குப் போகாது, உங்கள் கம்ப்யூட்டரிலேயேதான் வேலை நடக்கும். ஓரத்தில் விளம்பரம் ஓடும், பொறுத்துக்கொள்ளலாம்.

பெயின்ட் டாட் நெட்: விண்டோஸுக்கு மட்டும். பழைய கம்ப்யூட்டரிலும் லேசாக ஓடும். அதிகாரப்பூர்வத் தளத்தில் இலவசம், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் காசு. எழுத்தைத் தட்டச்சு செய்து முடித்தால் அது படத்தோடு ஒட்டிவிடும். பிறகு திருத்த முடியாது. பேனர் வேலைக்கு ஆகாது.

கான்வா பற்றிக் கேட்பீர்கள். வாட்ஸ்அப் போஸ்டருக்கு அருமை, இலவசக் கணக்கே போதும். பின்னணி நீக்கும் கருவி மட்டும் கட்டணத் திட்டத்தில்தான் இருக்கிறது. அதே கான்வா 2024-இல் அஃபினிட்டி என்ற படம் திருத்தும் மென்பொருளை வாங்கி, 2025 அக்டோபரில் அதை இலவசமாக்கியது. கான்வா கணக்கு ஒன்று வேண்டும். லினக்ஸ் பதிப்பு கிடையாது. நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் நான்காவதாக இதையும் பார்க்கலாம். லோகோவுக்கு மட்டும் இங்க்ஸ்கேப். அது எஸ்விஜி-யாக (பிக்சலாக இல்லாமல் கோடுகளாக) சேமிப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது.

படி 4: ஒரே படம், எல்லாக் கருவியிலும்

இதைத் தவிர்த்துவிட்டு யூட்யூப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரே நெத்திலிப் படத்தை மூன்றிலும் திறந்து, கீழே உள்ள சோதனைகளைச் செய்யுங்கள்.

தமிழ்ச் சோதனைதான் முதலில். 'நெத்திலி', 'கொடுவா', 'வௌவால்' என்ற மூன்று பெயர்களையும் தட்டச்சு செய்யுங்கள். வேண்டுமென்றேதான் இந்த மீன்களைச் சொல்கிறேன்: மூன்றிலும் எழுத்துக்கு இடப்பக்கம் கொம்பு வர வேண்டும். மென்பொருளுக்குத் தமிழ் தெரியாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டத்தோடு தனியாகத் தொங்கும். யூனிகோட் (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) எழுத்துரு வைத்தால் ஜிம்ப்பிலும் இங்க்ஸ்கேப்பிலும் சரியாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கடமரான் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். ஃப்ளெக்ஸ் கடையில் வாங்கிய யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் குழம்பி நிற்கும். அது மென்பொருளின் தவறில்லை. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

விலையை மட்டும் படத்தில் எழுதவே எழுதாதீர்கள். மீன் விலை நிலையாக நிற்குமா? பக்கத்தில் சாதாரண எழுத்தாகப் போட்டால் ஒரு நொடியில் மாற்றலாம், கூகுள் தேடலிலும் வரும்.

அடுத்தது எடைச் சோதனை. படத்தை 800 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, தரம் 75 முதல் 80-க்குள் வைத்து வெப்பி (WebP) வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். கூகுள் 2010-இல் கொண்டுவந்த இந்த வடிவத்தை இன்றைய பிரவுசர்கள் எல்லாமே காட்டும். கணக்கைப் பாருங்கள்: 4 எம்பி படம் பத்து போட்டால் பக்கம் 40 எம்பி. நொடிக்கு 2 மெகாபிட் வரும் சிக்னலில் அது முழுதாக இறங்க 160 நொடி. அதற்குள் ஆள் வேறு கடைக்குப் போயிருப்பார். ஒவ்வொன்றும் 120 கேபி என்றால் மொத்தம் 1.2 எம்பி, சுமார் 5 நொடி. தரம் எவ்வளவு குறைகிறது என்று சந்தேகமாக இருந்தால் படத்தைச் சுருக்கிக் காட்டும் ஸ்குவூஷ் (Squoosh) தளத்தில் போட்டு, நடுக்கோட்டை இழுத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏற்றுமதித் திரையில் 'எக்ஸிஃப்' (Exif, படத்தோடு ஒட்டியிருக்கும் கேமரா விவரங்கள்) என்று இருந்தால் டிக் எடுத்துவிடுங்கள். ஃபோன் கேமராவில் லொகேஷன் ஆன் செய்திருந்தால் படம் எடுத்த இடம் அதில்தான் பதிந்திருக்கும். வீட்டிலிருந்தே ஓலைக்கூடையோ கருப்பட்டியோ விற்கும் அக்காக்களுக்கு இது முக்கியம்.

கடைசியாக வெட்டும் சோதனை. பாம்பனில் ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் எல்லோரும் முகப்பில் பாலம்தான் கேட்பார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாலத்தை 1600-க்கு 600 பேனராக வெட்டினால் லேப்டாப்பில் அழகு. அதே படம் ஃபோனில் இரு பக்கமும் வெட்டுப்பட்டு, வெறும் கம்பியும் தண்ணீரும் மிஞ்சும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் தூக்குப் பகுதி நடுவில் வருமாறு 800-க்கு 1000 அளவில் ஃபோனுக்கென்று தனியாக இன்னொன்று வெட்டுங்கள். எந்தக் கருவியில் இந்த இரண்டு வெட்டும் உங்களுக்குச் சிரமமில்லாமல் வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: எப்போது காசு கொடுக்கலாம்?

போட்டோஷாப்பை 2013-லிருந்து அடோபி சந்தா முறைக்கு மாற்றிவிட்டது, கட்டுவதை நிறுத்தினால் மென்பொருளும் நின்றுவிடும். சென்னை ஏஜென்சி ஒன்று தொடர்ந்து பிஎஸ்டி ஃபைல் அனுப்பி, அதே வடிவில் திருப்பிக் கேட்டால் அப்போது கட்டுங்கள், அந்தச் செலவை விலைப்பட்டியலிலும் சேருங்கள். ஒன்றிரண்டு பிஎஸ்டி மட்டும் என்றால் ஃபோட்டோபியா சமாளிக்கும்.

முடித்த படங்களைச் சேமிக்கும்போது அசல் படத்தின் மேல் எழுதிவிடாமல் தனி ஃபோல்டரில் போடுங்கள். ஃபைல் பெயரில் சிறிய ஆங்கில எழுத்துகள், இடைவெளிக்குப் பதில் சிறுகோடு, கடைசியில் அகலம். அடுத்த மாதம் கடைக்காரர் "அந்த வாளைப் படத்தை மட்டும் மாத்திக் குடு தம்பி" என்று கூப்பிடும்போது தேட வேண்டியிருக்காது.