கித்தோ போகிறீர்களா? முதல் நாள் மேலே ஏறாதீர்கள்

ஈக்வடாரின் தலைநகர் கித்தோ 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வந்திறங்கியதும் பிச்சிஞ்சா எரிமலைச் சரிவில் ஏறும் ரோப்காருக்கு ஓடாதீர்கள். அது ஏறத்தாழ 4,000 மீட்டரில் கொண்டுபோய் விடும். காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் குறையும். தலைவலி, குமட்டல் வரும். இரண்டு நாள் கழித்து, காலையிலேயே போங்கள். மதியத்துக்குமேல் பெரும்பாலும் மேகம் மூடிவிடும்.

முதல் நாளைப் பழைய நகருக்கு வையுங்கள். 1978-ல் யுனெஸ்கோவின் முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே இடம்பெற்றது இது. லா கொம்பானியா தேவாலயத்தை 1605-ல் தொடங்கி 1765-ல்தான் முடித்தார்கள். உள்ளே எங்கு பார்த்தாலும் தங்க ரேக். பசிலிக்கா என்ற இன்னொரு பெரிய தேவாலயத்தின் வெளிச்சுவரை அவசியம் அண்ணாந்து பாருங்கள். ஐரோப்பியத் தேவாலயங்களின் பூதமுகங்களுக்குப் பதிலாக இகுவானா, ஆமை, அர்மடில்லோ என்று அந்த நாட்டு விலங்குகளே கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவு அழகு!

நிலநடுக்கோட்டு நினைவுச்சின்னத்தில் மஞ்சள் கோட்டின்மேல் நின்று எல்லோரும் படம் எடுப்பார்கள். ஆனால் ஜிபிஎஸ் காட்டும் உண்மையான நிலநடுக்கோடு அங்கிருந்து சுமார் 240 மீட்டர் வடக்கே.

குளிரடித்தாலும் வெயில் தோலைச் சுட்டுவிடும். தொப்பி, சன்ஸ்கிரீன் கட்டாயம். அங்கே புழங்குவது அமெரிக்க டாலர். சில்லறையாக வையுங்கள், 50, 100 டாலர் நோட்டைச் சிறு கடைகளில் வாங்கமாட்டார்கள்.