எத்தனை யானை கடந்தது? மரபணுக் கணக்கு சறுக்கும் இடங்கள்

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி யானைகள், தெற்கே ஆனைமலை, பெரியாறு யானைகள். இரு பக்கமும் லத்தி சேகரித்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்ததில், எஃப்எஸ்டி (FST) என்ற, இரு பக்கக் கூட்டங்களும் மரபணுவில் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் அளவு 0.05 என்று வருவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பலரும் உடனே, அந்த வேறுபாட்டையும் வந்துபோகும் விலங்குகளின் எண்ணிக்கையையும் இணைக்கும் மரபியலாளர் சூவல் ரைட்டின் சூத்திரத்தைத் திருப்பிப் போடுவார்கள்: 1/0.05 இலிருந்து 1 கழித்து, 4ஆல் வகுத்தால் 4.75. "தலைமுறைக்கு ஏறக்குறைய 5 யானைகள் வந்துபோகின்றன" என்று எழுதியும் விடுவார்கள்.

அவசரம் இங்கேதான். எல்லாக் கூட்டங்களும் ஒரே அளவு, வரத்து (வெளியிலிருந்து வந்துசேரும் யானைகளின் அளவு) மாறவே இல்லை, எல்லாம் நெடுங்காலமாகச் சமநிலையில் நிற்கிறது என்றெல்லாம் அனுமானித்துக்கொண்ட சூத்திரம் அது. விட்லாக், மெக்காலி என்ற ஆய்வாளர்கள் 1999லேயே இதை விரிவாக எழுதி எச்சரித்தார்கள். யானைக்கு ஒரு தலைமுறை என்பதே 20 ஆண்டுக்கு மேல். 40 ஆண்டுக்கு முன் பாதை முழுக்க அடைபட்டிருந்தாலும் போனது இரண்டு தலைமுறைகூட இல்லை. மரபணு இன்னும் பழைய கதையைத்தான் சொல்லும். அந்த 4.75ஐ நம்பி "வழித்தடம் நன்றாக இருக்கிறது" என்று அறிக்கை கொடுத்தால், பாதிப்பு யானைக்கு.

மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. அது தாய்வழியாக மட்டுமே வருவது. பெண் யானைகள் பிறந்த கூட்டத்தோடே இருந்துவிடும்; வளர்ந்த ஆண்தான் வெளியேறும். ஆகவே ஆண்கள் தாராளமாகப் போய்வந்தாலும் இந்த டி.என்.ஏ.வில் அது தெரியாது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டி.என்.ஏ.வையும் சேர்த்துப் பார்த்தே ஆக வேண்டும்.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். ஒரே தடத்தில் கிடந்த லத்தியை எல்லாம் அள்ளி வந்தால் அம்மா, சித்தி, அக்கா, தங்கை என்று ஒரு குடும்பமே மாதிரியாகிவிடும். இல்லாத வேறுபாடு இருப்பதுபோல் தெரியும். பழைய லத்தி என்றால் டி.என்.ஏ. சிதைந்து, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரண்டு மரபணு வடிவங்களில் ஒன்று விடுபட்டுப் போகும். பிறகு ஒரே யானை இரண்டு யானையாகக் கணக்கில் ஏறும்.

சரி, அண்மைக்கால வரத்துதான் வேண்டும் என்றால் பேயஸ்ஆஸ் (BayesAss) போன்ற மென்பொருள்கள் உண்டு. ஆனால் பேயஸ்ஆஸில், வெளியிலிருந்து வராதவற்றின் பங்கு மூன்றில் இரண்டுக்கு (ஏறக்குறைய 0.67) கீழே போகாதபடி முன்பே வரம்பு கட்டியிருக்கிறார்கள். விடை 0.67ஐ ஒட்டியே நின்றால் சந்தேகப்படுங்கள். வெவ்வேறு தொடக்க எண்களோடு பலமுறை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை வந்தால், பிடித்த விடையைப் பொறுக்கி எடுக்காதீர்கள்.