ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தபோது

மார்பக அறுவை சிகிச்சை முடிந்து தையல் ஆறிவிட்டது. கீமோ மட்டும் தொடங்கவில்லை. கேட்டால் "ரிப்போர்ட் வரட்டும்மா" என்பார்கள். பயாப்ஸியில் ஹெர்2 (புற்றுநோய் செல்லை வேகமாக வளரவைக்கும் புரதம்) '2+' என்று வந்திருந்தது. அது இரண்டுங்கெட்டான் முடிவு; அந்தப் புரதத்துக்கான மரபணு கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை செய்தால்தான் எந்த மருந்து என்று தெரியும்.

பொறுத்துப் பார்த்துவிட்டு நேரே லேபுக்கே போனேன். என் திசுவை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக் இன்னும் அங்கேயே இருந்தது! பணம் கட்டிய ரசீது இணைக்கவில்லை என்று ஃபிஷ் செய்யும் வெளி லேபுக்கு அனுப்பவில்லையாம். (ஒரு போன் செய்திருக்கலாம்.) கையெழுத்துப் போட்டு பிளாக்கை வாங்கி, தம்பி கையிலேயே வெளி லேபுக்குக் கொடுத்தனுப்பினேன்.

அதற்குள் டாக்டரிடம் கேட்டு எக்கோவையும் (இதய ஸ்கேன்) பல் பரிசோதனையையும் முடித்துவிட்டேன். ஹெர்2 பாசிட்டிவ் என்றால் கொடுக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் எக்கோ எப்படியும் கேட்பார்கள். ஃபிஷ் முடிவு பாசிட்டிவ். அடுத்த வாரமே முதல் டோஸ் ஏறியது.